மிதி, பிடி, விடு

ஏப்ரல் 6

உங்களுக்கு,

போன் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போனில் நாம் பேசினால் "சாப்பிட்டியா" என்பதற்கு அடுத்த வாக்கியமே சண்டையாகிவிடுகிறது. காகிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். மலை மேல் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் கண்ணாடிக் கடையின் பின்னறையில் குனிந்தபடி லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய விஷயம். உங்களுக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது.

போன வருடம் இதே பதவிக்கு நடந்த நேர்காணலுக்கு நான் ஏன் போகவில்லை என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளை, கொட்டகையிலிருந்து "ஒரே நிமிஷம், பிரேக்கை மட்டும் மிதிச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டீர்கள். நீங்கள் காருக்கு அடியில், நான் சீட்டில். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. வெளியே வந்தபோது பஸ் போயிருந்தது. அன்று போட்ட சண்டையில்தான் நீங்கள் அந்தத் தூரத்து ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். கார் மட்டும் போகவில்லை. அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஜூன் முதல் தேதி நான் மேலே சேர வேண்டும். கடை மூடும் நேரத்தில் அங்கே பஸ் கிடையாதாம். கம்பெனி தரும் வீடோ சரிவில் வெகு கீழே இருக்கிறது. சொந்த வண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கொட்டகைக் கதவைத் திறந்து பார்த்தேன்.

என் தம்பி வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அக்கா, பேசாம எடைக்குப் போட்டுடு. மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றான். மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு இறக்கினார். "இதுல எந்த ஒயரை எங்க கொண்டுபோய்க் குடுத்திருக்காருன்னு உங்க வீட்டுக்காரருக்குத்தான் வெளிச்சம். நான் கை வைக்க மாட்டேம்மா."

ஆகவே கேட்கிறேன். இது ஓடுமா? நான் ஒருத்தியாகவே ஓட வைக்க முடியுமா? முடியாது என்றால் அதையாவது சீக்கிரம் எழுதுங்கள். வேறு வழி பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து,
நான்

---

ஏப்ரல் 15

கண்ணாடிக்காரிக்கு,

ஓடும். எடைக்குப் போட வேண்டியது உன் தம்பியின் மூளையை. அதற்கும் பெரிதாக ஒன்றும் தேறாது.

பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடு. கெட்டுப்போயிருக்கும், முகர்ந்தாலே தெரியும். பாட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடு. அடுத்தது பிளக். எஞ்சின் தலையில் வரிசையாக நாலு இருக்கும். ஒயரைப் பிடுங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் பட்டி ஒட்டி எண் போடு. இடம் மாறினால் எஞ்சின் இருமும், நீ என்னைத் திட்டுவாய். கழற்றியதும் ஒவ்வொரு ஓட்டையிலும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடு. இவ்வளவு நாள் சும்மா நின்ற எஞ்சினை வறண்டபடி சுற்றக் கூடாது.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோகாதே. பிளக்கின் தலையில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் குழாய் செருகி, அந்தக் குழாயைப் பிடித்துத் திருகு. மரை சரியாக உட்கார்ந்தால் தானாக உள்ளே போகும். கோணலாகப் போனால் குழாய் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். ஸ்பேனருக்கு அந்தப் புத்தி கிடையாது.

கழற்றுகிற போல்ட்டுகளை டப்பாவில் கொட்டாதே. ஓர் அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வை. ஸ்டார்ட் ஆன பிறகு ஏதாவது சத்தம் வந்தால் நீள ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியில் காதை வை. எந்த இடம் கத்துகிறது என்று அது சொல்லும். முந்தானை, தலைமுடி எதுவும் ஃபேன் பக்கம் போக வேண்டாம்.

மலை என்று எழுதியிருக்கிறாய். பிரேக்கைப் பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதே. பெடலை மிதித்து எப்படி இருக்கிறது என்று எழுது.

ஷிப்ட் நேரமாகிவிட்டது.

---

ஏப்ரல் 28

உங்களுக்கு,

ஓடிவிட்டது! முதலில் முக்கியது, முனகியது, ஒரு தடவை டமார் என்று வெடித்துக் கொட்டகை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். அடுத்த முறை பிடித்துக்கொண்டது. அவர் கையில் வாளி, என் முகத்தில் கரி, நடுவில் கார் நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டேன். உள்ளே போய்ச் சொல்ல ஆளில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கை கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

ரப்பர் குழாய் வேலை அருமை. பதிலுக்கு நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் கை நுழையாத இடத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கிறதே, அதை மாட்டும்போதெல்லாம் கீழே போட்டுவிட்டு நீங்கள் வாயில் வந்ததைச் சொல்வீர்கள். ஸ்க்ரூட்ரைவர் முனையில் துளி மெழுகு வைத்தால் திருகு ஒட்டிக்கொண்டே போகும். கடையில் மூக்குக் கண்ணாடித் திருகை நான் தினமும் அப்படித்தான் மாட்டுகிறேன். அது அரிசியில் பாதிகூட இருக்காது. முடுக்கியதும் தலையில் சிறிது நகப்பூச்சு வைத்தால் கழன்றும் வராது, கழன்றால் பூச்சு விரிசல் விட்டுக் காட்டியும் கொடுக்கும். இப்போது உங்கள் எஞ்சினில் நான் தொட்ட திருகெல்லாம் சிவப்புப் பொட்டோடு இருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது.

பிரேக் பெடல் தரையைத் தொடுகிறது. பஞ்சில் கால் வைத்த மாதிரி. பின்னால் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் கசிந்திருக்கிறது. தொட்டால் வழவழப்பு.

இன்னொன்று. ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்கள். பெடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. நல்ல பதவி கிடைத்ததே என்று அரை வரி இல்லை. சிக்கனம் உங்களுக்கு எதில்தான் இல்லை?

பெடலுக்கு வழி சொல்லுங்கள்.

கரி முகத்துக்காரி

---

மே 7

கண்ணாடிக்காரிக்கு,

மெழுகு வைத்துப் பார்த்தேன். இங்கே ஆலையில் ஒரு மீட்டர் பெட்டியின் திருகு. ஒரே தடவையில் போனது. பக்கத்தில் நின்ற ஃபிட்டர், "யாருய்யா சொல்லிக் குடுத்தது?" என்றான். வீட்டில் என்றேன்.

பின் சக்கரத்து பிரேக் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அந்தச் சின்ன சிலிண்டரையே புதிதாக வாங்கிப் போட்டுவிடு. சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே முதலில் தளர்த்து. தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும். அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வை. அப்புறம் ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி அழுத்து. உன் எடையே போதும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் ஒரு கைகூட நுழைக்காதே, ஸ்டாண்டு போட்டு அதன் மேல் காரை இறக்கு. அலமாரிக்குக் கீழே இரண்டு இருக்கின்றன. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

சிலிண்டர் மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று இருக்கிறவரை பெடல் பஞ்சுதான். அதை வெளியேற்றுவது உனக்குத் தெரிந்ததே. ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். இரண்டு ஆள் வேலை. உன் தம்பியை நம்பாதே. அவன் நடுவில் போன் பேசுவான்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து நாம் இரண்டு பேருமாகச் செய்துவிடலாம். கடையில் சொல்லிச் சேரும் தேதியைத் தள்ளிப்போடு. பிரேக் விஷயத்தில் அவசரம் கூடாது.

---

மே 14

உங்களுக்கு,

தேதியைத் தள்ளிப்போட முடியாது. கேட்டுவிட்டேன். முதல் தேதி கடைக் கதவைத் திறக்க நான் அங்கே இல்லையென்றால் வேறு ஒருவர் திறப்பார். ஒரு தடவை உங்கள் பிரேக்குக்காக விட்டது போதும்.

சிலிண்டர் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனபோது ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஸ்டாண்டு தேடும்போது அலமாரியின் பின்வரிசையில் கிடைத்தது. மூடியில் ஒரு துளை, துளை வழியாக நீள ட்யூப். அது எதற்கு என்று தெரியாமல் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார்.

"பிரேக்ல காத்து எடுக்கிற பாட்டிலும்மா இது. துணைக்கு ஆள் இல்லாதவங்க வச்சிருப்பாங்க. மிதிக்க ஒரு ஆளு, திறக்க ஒரு ஆளுன்னு வேண்டாம். ஒருத்தரே செஞ்சுக்கலாம். உங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆகாத காலத்துல நான்தான் ட்யூப் வெட்டிக் குடுத்தேன்."

கல்யாணம் ஆகாத காலத்தில்.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அடுப்பில் பால் வைத்திருந்தாலும் கூப்பிட்டிருக்கிறீர்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோது கூப்பிட்டிருக்கிறீர்கள். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆள் வேலை, இரண்டு ஆள் வேலை என்று சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருக்கிறேன். போன வாரம்கூட அதையே எழுதியிருக்கிறீர்கள், நான் மறுபடியும் கால் மடக்கிச் சீட்டில் உட்கார வேண்டும் என்று.

இந்தத் தடவை எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அந்தப் பாட்டிலை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுங்கள். கடைக்காரரே சொல்லித் தருவார். ஆனால் நீங்கள் எழுத வேண்டும்.

---

மே 19

கண்ணாடிக்காரிக்கு,

டிரைவர் சீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கு. நம் காரில் அது பின்னால் இடது. அப்புறம் பின்னால் வலது, முன்னால் இடது, கடைசியாக முன்னால் வலது. பாட்டிலில் கொஞ்சம் புது பிரேக் ஆயில் ஊற்று. ட்யூபின் ஒரு முனை அந்த ஆயிலுக்குள் முங்கியே இருக்க வேண்டும். மறுமுனையைச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகின் மூக்கில் மாட்டு. அந்தத் திருகின் மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவு. இல்லையென்றால் மரை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு உன்னை ஏமாற்றும். இது கடைக்காரருக்குத் தெரியாது.

திருகை அரைச் சுற்றுத் திற. போய்ச் சீட்டில் உட்கார்ந்து மெதுவாக மிதி, அதைவிட மெதுவாக விடு. காற்று ட்யூப் வழியாகப் போய்ப் பாட்டிலில் குமிழ் விடும். பெடல் மேலே வரும்போது உள்ளே இழுபடுவது ஆயிலாகத்தான் இருக்கும், காற்று அல்ல. சில தடவை மிதித்துவிட்டு இறங்கிப் போய்ப் பார். குமிழ் நின்றதும் திருகை மூடு. பானெட்டுக்கு அடியில் உள்ள ஆயில் டப்பாவை ஒவ்வொரு சக்கரத்துக்கும் நிரப்பிக்கொண்டே இரு. அது காய்ந்தால் எல்லாம் முதலிலிருந்து. பாட்டிலில் சேரும் ஆயிலைத் திரும்ப ஊற்றாதே.

முடிந்ததும் பெடல் மேலேயே கல் மாதிரி நிற்க வேண்டும். பலம்கொண்ட மட்டும் மிதித்துப் பிடி. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்காதே. இறங்காவிட்டால் சமதளத் தெருவில், நடக்கிற வேகத்தில், கை பிரேக்கில் கையை வைத்துக்கொண்டே ஓட்டிப் பார். அதற்குப் பிறகுதான் மலை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதே, ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு.

இவ்வளவுதான். ஒரு ஆளால் முடியும்.

நீ கேட்காததற்கும் பதில் எழுத வேண்டும். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது நான் "மிதி" என்பேன், நீ "மிதிச்சாச்சு" என்பாய். நம் வீட்டில் நான் சொன்ன வார்த்தைக்கு உடனே பதில் வந்தது அங்கே மட்டும்தான். மற்ற இடங்களில் உன்னிடம் எதை எடுத்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று உனக்கு நேர்காணல் என்பது கேட்டிருந்தும் மண்டையில் நிற்கவில்லை.

போகாதே என்று ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, கிழித்துவிட்டேன். நீ போ. பெடலைப் பார்த்துவிட்டுப் போ.

---

ஜூன் 9

உங்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கடையைத் திறந்துவிட்டேன். என் பெயருக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு விளக்கு.

பாட்டிலை வைத்து நாலு சக்கரமும் நானே முடித்தேன். ஏறி மிதிப்பதும் இறங்கிப் போய்ப் பார்ப்பதுமாக ஒரு பகல் முழுக்கப் போனது. முதல் சக்கரத்தில் குமிழ் குமிழாக வந்தது, குழந்தை ஸ்ட்ராவில் ஊதுவது மாதிரி. பெடல் கல் மாதிரி நிற்கிறது. இறக்கத்தில் நீங்கள் சொன்ன கியரில்தான் இறங்குகிறேன். ஒரு திருப்பத்தில் எதிரே லாரி வந்தது, மிதித்தேன், நின்றது. வண்டியை ஓரம் கட்டினேன். உங்களை நினைத்தேன். உங்கள் வேலைக்கு நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கொட்டகையில் என்னை யாரும் மிதி என்று சொல்லவில்லை. பிடி என்று சொல்லவில்லை. அவ்வளவு நிசப்தமாக இருந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வேலையை நிறுத்திவிட்டுச் சீட்டிலேயே கொஞ்ச நேரம் அழுதேன். அழுததால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பதில் வரும் ஒரே இடம் அது என்று எழுதினீர்கள். எனக்கு அந்த ஒரு இடம்கூட இல்லையே. நான் எங்கே படுத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது?

இங்கே வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான் இருக்கிறேன், ஒன்றில் குளிர் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மூடுபனி ஜன்னல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

லீவு கிடைத்திருந்தால் நேராக இங்கே வந்துவிடாதீர்கள். வந்தால் நீங்கள் முதலில் பானெட்டைத்தான் தூக்குவீர்கள். எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கார் வரக் கூடாது. பிரேக், ஆயில், ஸ்பேனர், எஞ்சின் எதுவும் வரக் கூடாது. அப்படி ஒரு பக்கம் உங்களால் எழுத முடிந்தால் நான் பதில் எழுதுவேன். முடியாவிட்டால் ஒன்றும் அனுப்ப வேண்டாம். புரிந்துகொள்வேன்.

மலையிலிருந்து,
உங்கள் மனைவி, இப்போதைக்கு

---

ஜூன் 27

உனக்கு,

இது எத்தனையாவது தாள் என்று கேட்காதே. எழுத உட்கார்ந்தால் நாலாவது வரியில் அது வந்துவிடுகிறது. கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். இந்தத் தாளில் இதுவரை வரவில்லை.

லீவு கிடைத்தது. எங்கேயும் போகவில்லை. அறையிலேயே இருந்தேன்.

என் அறையைப் பற்றி நான் எழுதியதே இல்லை. இரண்டு கட்டில். எதிர்க் கட்டில்காரன் ஊரோடு போய்விட்டான், மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் அவன் தலை பட்டுப் பட்டு ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்க்கிறேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். அதில் ஒரு புறா உட்காரும். அதற்கு ஒரு கால் கோணல். அது வராத நாளில் வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள்.

கேன்டீனில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆட்களைப் பார்த்து உட்கார்ந்தால் பேச வேண்டும். பேச என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். உன்னிடமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நீ கடையிலிருந்து வந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீயும் சொல்வதில்லை. அன்று நீ சொல்ல வந்தது என்ன என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. அதைவிட, உன்னோடு இருந்தபோதும் இப்படியேதான் இருந்தேன் என்பது கஷ்டமாக இருக்கிறது.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தேன். லென்ஸை அந்தச் சின்னச் சட்டத்துக்குள் உடையாமல் எப்படி உட்கார வைக்கிறாய் என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால் இதுவும் கருவியைப் பற்றிய கேள்விதான். அடித்துவிட்டேன். வேறு கேட்கிறேன்.

மத்தியானம் அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? பேசிக்கொண்டு சாப்பிடுகிறாயா? என்ன பேசுவாய்? பாதியில் நிறுத்தாமல் எழுது.